காற்றின் எடையும் கெண்டையின் வாயும்

நெகிரி செம்பிலானில் கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் ஏராளம். ஆனாலும் லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் லயத்து வீடுகளின் பின்புறத்தில் சிறு மீன்குளங்களை இன்றும் பார்க்கலாம். சிலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனபோது குளத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். அதாவது, அங்கேயும் முதல் வேலையாக ஒரு தொட்டி கட்டினார்கள். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். கொள்ளளவு 1,000 லிட்டர். அதில் நாலைந்து கோய் கெண்டை, கொஞ்சம் திலாப்பியா, யாரோ கொடுத்த ஒரு கெளுத்தி.

அந்தச் சின்னத் தொட்டிக்குள் என்னவெல்லாம் வந்து சேர்கிறது! மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, மழைக்குக் கரைந்து வரும் செம்மண், பிப்ரவரி, மார்ச்சில் கித்தா மரம் இலை கொட்டும்போது காற்றில் பறந்து வரும் சருகு. எல்லாம் மெல்ல இறங்கி அடியில் படிகின்றன. சில மாதங்களில் விரல் தடிமனுக்குக் கருஞ்சேறு சேர்ந்துவிடும். அதைக் குச்சியால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. காற்றுப் புகாத சேற்றில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது, மீனுக்கு நஞ்சு. வாளி போட்டு மொண்டால் சேறு வாளிக்குள் வராமல் நீரில் கலந்துவிடுகிறது. குளத்தையே இறைத்துவிட்டுக் கழுவினாலோ, மீன் பிழைப்பது சந்தேகம்.

இதற்குக் கடையில் இயந்திரம் விற்கிறார்கள். ஆனால் ஒரு மினரல் வாட்டர் போத்தலும் சில முழம் ஓஸும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நான் சொல்ல வந்தது செய்முறையை மட்டுமன்று. இந்த எளிய கருவியைச் செய்து குளத்தில் இறக்கிப் பார்த்தவருக்கு, படைத்தவன் இந்த உலகத்தில் எத்தனை இடங்களில் இதே வேலையை முன்பே செய்து வைத்திருக்கிறான் என்பது விளங்கத் தொடங்கும்.

ஒன்றரை லிட்டர் போத்தலின் அடியை வெட்டி எடுங்கள். ஓர் அங்குல ஓஸின் நுனியை வெந்நீரில் முக்கி இளக்கி, போத்தலின் கழுத்தின்மேல் இறுக்கமாக ஏற்றுங்கள். தெளிவாகத் தெரியும் ஓஸாக இருந்தால் நல்லது, உள்ளே போவதைப் பார்க்கலாம். ஓஸ் முழுவதையும் குளத்து நீரில் அமிழ்த்தி, உள்ளிருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றுங்கள். பிறகு மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்தபடி வெளியே எடுத்து, குளத்தின் அடியைவிடத் தாழ்வான இடத்துக்கு, அல்லூரோரத்துக்கோ வாழைக் குழிக்கோ கொண்டுபோய், விரலை எடுங்கள். அவ்வளவுதான். வாயால் இழுத்துத் தொடங்கும் பழக்கம் தோட்டத்தில் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். எலி நடமாடும் இடத்துத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும்.

"தாத்தா, பம்பே இல்லையே! தண்ணி எப்படித் தானா மேல ஏறி வருது?" என்று குளத்துக்கு அருகில் நிற்கும் பேரப்பிள்ளை கேட்கும். "கீழ விழற தண்ணி இடம் விடுதுப்பா. மேல இருக்கற காத்து, பின்னாடி உள்ள தண்ணிய அந்த இடத்துக்குத் தள்ளுது" என்று பால் வெட்டி ஓய்வுபெற்ற தாத்தா சொல்வார். அவர் சொன்னது சரி. குழாயில் இறங்கும் நீரின் எடை கீழே இழுக்கிறது. அது விட்டுப்போகும் இடத்தை நிரப்ப, குளத்தின்மேல் கவிந்திருக்கும் காற்று நீரை அழுத்தி ஏற்றுகிறது.

அந்தக் காற்றின் எடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள நம் சின்னக் குளத்தின்மேல் மட்டும் 20 டன்! பனைக்குலை ஏற்றிய லாரியின் எடை இரவும் பகலும் அந்த நீர்ப்பரப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நீரில் ஒரு சுருக்கமும் இல்லை, தும்பி வந்து உட்கார்ந்து எழுந்து போகிறது. இந்த எடையை முதலில் அளந்து காட்டியவர் இத்தாலியின் டாரிசெல்லி. 1643இல் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து, காற்றால் எவ்வளவு உயரத்துக்குத் தாங்க முடியும் என்று கண்டார். பாதரசமானால் 76 சென்டிமீட்டர். தண்ணீரானால் ஏறக்குறைய 10.3 மீட்டர். மேலேயிருந்து எவ்வளவு வலுவாக உறிஞ்சினாலும் பம்பு கிணற்றுநீரை அதற்குமேல் தூக்காது. தள்ளுகிற காற்றின் வலிமை அங்கே தீர்ந்துவிடுகிறது.

இந்த 10.3 மீட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் மிச்சமிருக்கும் ஒரு கித்தா மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். 20 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரம் உச்சிக்கிளை வரைக்கும் இலை தளதளவென்று நிற்கிறது. பம்புக்கு முடியாத உயரத்துக்கு அந்த இலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோனது யார்? மரத்துக்கு இதயம் இல்லை, பம்பு இல்லை, சத்தம்கூட இல்லை. 1894இல் அயர்லாந்தின் டிக்சனும் ஜோலியும் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். இலைத் துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது, மரத்துக்குள் நுண்குழாய்களில் நிற்கும் நீர் இழை மேல்நோக்கி இழுபடுகிறது. நீர்த்துளி நீர்த்துளியை விடாமல் பற்றிக்கொள்வதால் இழை அறுவதில்லை. வேர்நுனி வரைக்கும் அந்த இழுப்பு போகிறது. காற்று தள்ளித் தீர்ந்த இடத்தில், தண்ணீர் தன்னைத்தானே பற்றிக்கொண்டு ஏறும் வழியைப் படைத்தவன் மரத்துக்குக் கொடுத்திருக்கிறான்.

அதே மரத்தில், அந்த நீரிழைகளுக்கு ஒரு சில மில்லிமீட்டர் தள்ளிப் பட்டைக்குள் பால்குழாய்கள் இருக்கின்றன. அங்கே நடப்பது இதற்கு நேரெதிர். இரவு முழுவதும் நீரை வாங்கிப் புடைத்து, விடியற்காலையில் அந்தக் குழாய்களின் உள்ளழுத்தம் 10 முதல் 15 மடங்கு காற்றழுத்தம் வரைக்கும் ஏறிவிடுகிறது. உளி பட்டதும் பால் பீறிட்டு வருவது அதனால்தான். வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழுக்கத் தொடங்கும், அந்த இழுப்பு பால்குழாய்களில் இருக்கும் நீரையும் பறிக்கும், புடைப்பு குறையும், பால் குறையும். நம் பாட்டிகள் நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குப் போனதற்குக் காரணம் துரையின் கண்டிப்பு மட்டுமன்று. இலையின் இழுப்புக்கும் பட்டையின் புடைப்புக்கும் நடுவே மரம் வகுத்த நேரம் அது. அழுத்தமானி எதுவும் இல்லாமல், மங்கில் விழும் பாலை வைத்தே அவர்கள் இந்த இயற்பியலை அறிந்திருந்தார்கள். அந்தப் பெண்களை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

வெட்டிய காயத்தை மரம் தானே அடைத்துக்கொள்வதும் வியப்புத்தான். சில மணி நேரத்தில் வெட்டுவாயில் பால் உறைந்து குழாய்வாயைப் பூட்டிவிடுகிறது. அந்த உறைந்த இழையைத்தான் மறுநாள் கோட்டுப்பால் என்று உரித்தெடுக்கிறோம். நம் போத்தல் கருவிக்கும் இந்தப் பூட்டு வேண்டும். ஓஸும் போத்தலும் சேரும் இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், அது நீருக்கு வெளியே இருக்கும்போது காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடக்கூடும். ஓஸ் வழியே குமிழிகள் ஓடுவது தெரிந்தால் மூட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒட்டுப்பாலை நீளமாக நறுக்கி இழுத்துச் சுற்றினால் நன்றாகப் பிடிக்கும்.

இனி நீருக்குள் நடப்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். கருவியின் சிறப்பு அந்த அகன்ற வாயில் இருக்கிறது. ஓஸ் 25 மில்லிமீட்டர், போத்தல் வாய் 9 சென்டிமீட்டர். பரப்பில் 13 மடங்கு. ஒரு மீட்டர் இறக்கம் கிடைத்தால் ஓஸுக்குள் நீர் வினாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஓடும். போத்தலுக்குள் அதே நீர் 13 பங்கு மெதுவாக, வினாடிக்கு 12, 13 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறும். போத்தலை அடிமணலில் பதியுங்கள். சேறு கருமேகமாகக் கிளம்பி நேரே மேலே போய் ஓஸுக்குள் மறையும். மக்கிய இலை நரம்பு, மீன் கழிவு, பாசி எல்லாம் ஏறும். பருமணலோ பாதி உயரம் எழுந்து, புரண்டு, தயங்கி, திரும்பக் கீழே இறங்கும். கூழாங்கல் அசையவே அசையாது. நீரில் தானாக இறங்கும் வேகம் ஒவ்வொரு துகளுக்கும் வேறு. எந்தத் துகளின் இறங்கும் வேகம் ஏறும் நீரைவிடக் குறைவோ அது போகிறது, மற்றது தங்குகிறது. தரம் பிரிக்க ஆள் இல்லை, சல்லடை இல்லை. பருமனுக்கும் எடைக்கும் ஏற்ற வேகத்தை ஒவ்வொரு மணலுக்கும் விதித்துவைத்த ஒழுங்கு மட்டுமே இருக்கிறது. நுண்களிமண் துகள்களோ ஒரு மீட்டர் இறங்க நாள்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. மழைக்குப்பின் குளம் வெகுநேரம் செந்நிறமாகவே கிடப்பது அதனால்தான்.

போத்தலைக் குளத்தடியிலிருந்து நாலு விரல் உயர்த்திப் பாருங்கள். வெறும் தண்ணீர்தான் வரும், சேறு அசையாது. உறிஞ்சும் வாயின் ஆற்றல் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. இதை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது மீன்தான். மீன் இரையெடுப்பது பெரும்பாலும் உறிஞ்சித்தான். வாயை மூடி, வாய்க்குழியைச் சுருக்கி வைத்திருந்து, இரைக்கு அருகே போய்ச் சட்டென்று விரிக்கும். உள்ளே அழுத்தம் குறையும். நீர் பாய்ந்து உள்ளே போகும். இரையும் கூடவே போகும். வேண்டாத நீர் செவுள்வழி வெளியேறும். வாயிலிருந்து ஒரு வாயகலம் தள்ளிப்போனால் நீரின் வேகம் ஏறக்குறைய 5 விழுக்காடாகக் குறைந்துவிடும் என்று மீன்களை ஆய்ந்தவர்கள் அளந்திருக்கிறார்கள். அதனால்தான் கெண்டையின் வாய் குழலாக நீண்டு இரையைத் தொடும் தூரத்துக்குப் போய்த் திறக்கிறது.

கெண்டை இன்னொன்றும் செய்கிறது. அடிச்சேற்றை ஒரு வாய் அள்ளும். மேலண்ணத்தில் அதற்குச் சுவையறியும் ஒரு சதைத்திண்டு உண்டு. அந்தத் திண்டு புழுவையும் விதையையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மணலும் சேறும் வாய்வழியும் செவுள்வழியும் வெளியே போகும். முள் நிறைந்த மீனை வாயிலிட்டு, பேசிக்கொண்டே முள்ளை மட்டும் உதட்டோரம் தள்ளும் பாட்டியின் லாவகம் அது. பிடித்ததை அரைக்கத் தொண்டையில் பற்கள் காத்திருக்கின்றன. நாம் போத்தலையும் ஓஸையும் சேர்த்துக் கட்டிய கருவி, இறங்கும் வேகத்தை வைத்து மட்டும் பிரிக்கத் தெரிந்தது. அதே குளத்தில் நீந்தும் கெண்டையோ சுவையையும் கேட்டுப் பிரிக்கிறது.

மீன் வரைக்கும் போவானேன், தாவரத்திலேயே ஓர் உறிஞ்சி இருக்கிறது. மலேசியாவின் சதுப்புகளிலும் ஓடாத நீர்நிலைகளிலும் மஞ்சள் பூவைத் தலைநீட்டி மிதக்கும் ஒரு வேரில்லாச் செடி உண்டு. தாவரவியலில் அதற்கு யூட்ரிகுலேரியா என்று பெயர். அதன் இழையிலைகளில் கடுகளவுப் பைகள் தொங்கும். செடி ஒவ்வொரு பையிலிருந்தும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி, சுவர் உள்ளொடுங்கும் அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்து, கதவைச் சாத்திக் காத்திருக்கும். நீர்த்தெள்ளு ஒன்று கதவோரத்து மயிரில் உரசினால் போதும். கதவு உள்ளே மடங்கி, சுவர் விரிந்து, நீரும் பூச்சியும் உள்ளே இழுபட்டு, கதவு மூடிவிடும். இரை உள்ளே போக ஆகும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கணத்தில் நீர் பெறும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 600 மடங்கு வரை எட்டும் என்று 2011இல் வெளியான அளவீடு சொல்கிறது. கண்ணோ நரம்போ இல்லாத செடிக்கு இந்த வேகத்தைக் கொடுத்தவனின் கையை எப்படி வாழ்த்துவது!

நம் முன்னோரும் இந்த ஒழுங்கை உற்றுப் பார்த்தவர்கள்தாம். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் வட ஆர்க்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் என்று ஏரியும் கண்மாயும் நம்பிப் பிழைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்களின் பழைய ஏரிகளில் கரையிலிருந்து உள்ளே தள்ளி, நீர் நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்பதை இப்போதும் காணலாம். அது குமிழித் தூம்பு. அடியில் புதைந்திருக்கும் கல்தொட்டியின் மேல்புறம் நீரோடித் துளை. பக்கத்தில், தரைமட்டத்தில், சேறோடித் துளைகள். மேல்துளையின் அடைப்பைத் தூக்கினால் நீர் சுழித்து இறங்கும். இறங்கும் வேகத்தில் அடியில் படிந்த வண்டலும் சேறோடித் துளைவழி இழுபட்டு, கரைக்கடியில் ஓடும் கல்வாய்க்காலில் கலந்து வயலுக்குப் போகும். ஏரியை வற்றவிடாமல் சேற்றை மட்டும் பிரித்தெடுக்கும் முயற்சி அது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. சிலியாவ் வீட்டுப் பின்புறத்தில் போத்தலும் ஓஸும் செய்யும் வேலைக்கு இப்படியும் ஒரு தாய்வழி உண்டு.

சேற்றை எடுப்பதில் ஆசை கூடாது. பளிச்சென்று வெள்ளைச் சிமெண்டு தெரியும்வரை உறிஞ்சிவிட்டு, மறுவாரம் மீன் செத்து மிதப்பதைப் பார்த்து வருந்துகிறவர்கள் உண்டு. மீன் செவுள்வழி வெளிவிடும் அம்மோனியா நீரில் சேர்ந்துகொண்டே இருக்கும்; அது நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை கல்லிலும் மணலிலும் சுவரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள். சூரிய ஒளி வேண்டாம், சோறும் வேண்டாம். அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலிலேயே உடம்பை வளர்த்துக்கொள்ளும் உயிர்கள் அவை. 1890 வாக்கில் ருசியரான வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டும்வரை இப்படி ஒரு பிழைப்பு இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. நாம் வழுவழுப்பு என்று தேய்த்துக் கழுவுவது அவற்றின் ஊரை. ஆகவே ஒரு தடவைக்குக் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 40 லிட்டர் போகும் ஓஸுக்கு அது எட்டு நிமிட வேலை. தொட்டியடியின் ஒரு பாதியை இன்று, மறுபாதியை அடுத்த வாரம். மீண்டும் நிரப்பும் குழாய்நீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் இந்த நுண்ணுயிர்களையும் ஒருசேரக் கெடுக்கும். மீன்கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சொட்டு விட்டுக் கலந்தபின் ஊற்றுவது நல்லது. நீர் நிறம் மாறி மீன் தொடர்ந்து நோயுற்றால், ஜெலுபு மாவட்டத்தில் கிளாமி லெமியில் மீன்வளத் துறையின் நன்னீர் மீன் ஆய்வு மையம் இருக்கிறது; நெகிரி செம்பிலான்காரர்களுக்கு அது சொந்த மண்ணில் இருக்கும் வாய்ப்பு.

கெளுத்தி உயிரோடு இருக்கிறதே, குளம் நன்றாகத்தான் இருக்கிறது என்று எண்ணிவிடவும் கூடாது. அதற்குச் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. கெட்ட நீரிலும் மேலே வந்து மூச்சு வாங்கிப் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்த வரம் இல்லை.

சமதரையில் குளம் இருந்தால் இறக்கம் கிடைக்காது, பம்பு வேண்டும். மூடி இறுக்கமாகப் பொருந்தும் 20 லிட்டர் சாய வாளியில் சிறிய நீர்மூழ்கிப் பம்பை வைத்து, அதைச் சுற்றிப் பழைய கொசுவலையைக் கட்டுங்கள். மூடியில் இரண்டு துளை: ஒன்றில் போத்தல் வாய்க்குப் போகும் ஓஸ், மற்றொன்றில் பம்பு நீரை வெளியே விடும் ஓஸ். வாளியை நீரால் நிரப்பி மூடிவிட்டுப் பம்பைப் போட்டால், வாளிக்குள் அழுத்தம் குறைந்து சேறு வந்து சேரும், வலை பிடித்துக்கொள்ளும், நீர் குளத்துக்கே திரும்பும். யூட்ரிகுலேரியாவின் பைக்குள் நடப்பதேதான். ஈரக் கையும் வீட்டு மின்சாரமும் சேரக்கூடாது. 12 வோல்ட் பேட்டரிப் பம்பு இருந்தால் அதுவே மேல், இல்லையேல் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம். எடுத்த சேற்றை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். மீன் தின்ற தீனியின் சத்தில் ஒரு பகுதி அதில் இருக்கிறது.

திலாப்பியா வளர்ப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு வார்த்தை. ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த மீன், சப்பானியர் ஆட்சியில் பட்டினி வாட்டிய காலத்தில் சாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்தது; அதனால் சப்பான் மீன் என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. ஆண் வாயால் மணலை உறிஞ்சித் துப்பியே குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்ட உடனே அத்தனையையும் வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு இரண்டு மூன்று வாரம் முட்டையும் குஞ்சும் அந்த வாய்க்குள்தான். இரை பிடிக்கவென்று அமைந்த அதே வாய், அதே உறிஞ்சல், ஆனால் விழுங்குவதில்லை. தாய் ஏறக்குறையப் பட்டினி கிடக்கிறது. குஞ்சுகளை வெளியே விட்ட பிறகும் ஏதாவது நிழல் விழுந்தால் வாயைத் திறக்கும், குஞ்சுகள் கூட்டமாக உள்ளே போய்விடும். விரையும் நீரின் ஒரே விதியைக் கொல்லவும் காக்கவும் ஒரே வாயில் வைத்த அறிவை நினைத்தால் பேச்சு வருவதில்லை. தாடைக்கடி புடைத்து, தீனிக்கு வராமல் மூலையில் ஒதுங்கி நிற்கும் திலாப்பியாவைக் கண்டால், ஓஸைச் சுருட்டித் தொங்கவிட்டுவிடுங்கள். குஞ்சுகள் வளரும்வரைக்கும் தீனியை மட்டும் பாதியாகக் குறைத்தால் சேறு அதிகம் சேராது. குஞ்சுகள் விரல்நீளம் வளர்ந்தபின், போத்தல் வாயில் வலைத்துணி கட்டி மறுபடி தொடங்கலாம்.